யானைப்புல்

வெப்பமண்டல ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பல்லாண்டுத் தீவனப்புல் யானைப்புல். நேப்பியர் புல் என்றும் சொல்வர். தாவரவியலார் இதை இன்று சென்க்ரஸ் பர்ப்யூரியஸ் என்று குறிக்கிறார்கள். பழைய நூல்களில் பெனிசெட்டம் பர்ப்யூரியம் என்ற பெயரே இருக்கும். நம் கம்புக்கு இது நெருங்கிய உறவு. கரும்பைப் போலக் கணுக்கணுவாக, 3 முதல் 4 மீட்டர் வரை வளரும். வளமான ஆற்றோரங்களில் அதற்கும் மேல் உயரும். ஒரே குத்திலிருந்து பல தூர்கள் வெடிக்கும். விதை பிடிப்பது குறைவு, பிடித்த விதையும் சரியாக முளைக்காது. அதனால் இதைப் பரப்புவது மனிதர் கையிலிருந்து கைக்குப் போகும் தண்டுக் கரணைதான். இந்தப் புல்லின் வரலாற்றில் நடந்த நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் இந்த ஓர் இயல்பிலிருந்து பிறந்தவை.

ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் ஆப்பிரிக்கப் பகுதிகளில், ஆற்றங்கரைகளிலும் காட்டோரங்களிலும் இது தானாக மண்டிக் கிடந்தது. விக்டோரியா ஏரிக்கு வடக்கே உள்ள புகாண்டா நாட்டில் அது வெறும் காட்டுப்புல்லாக இருக்கவில்லை. அதன் காய்ந்த தட்டைகளை வரிசையாகக் கட்டி வீட்டுக்கும் அரண்மனைக்கும் வேலி அடைத்தார்கள். பயிரிட்டுக் களைத்த நிலத்தைச் சில ஆண்டுகள் யானைப்புல்லுக்கு விட்டுவிட்டு, மண் தேறியதும் மறுபடி உழுதார்கள். பின்னாளில் உகாண்டாவின் கவாண்டா ஆராய்ச்சி நிலையத்தார் இந்த வழக்கத்தை அளந்து பார்த்தபோது, ஆழமாக இறங்கும் வேர்களும் மட்கிச் சேரும் தழையும் மண்ணின் கட்டமைப்பை மீட்பது தெரிந்தது. மாட்டுத் தீவனம் என்று உலகம் அறிவதற்கு முன்பே இது மண்ணுக்கு மருந்தாக இருந்தது. அந்த அறிவு அங்கிருந்த உழவர்களுடையது. பெரும்பாலான கையேடுகள் அதைக் குறிப்பிடாமல் போவது வருந்தத்தக்கது.

ஐரோப்பிய அறிவியலுக்கு இது அறிமுகமானது 1827இல். கினிக் கடற்கரையில் சேகரிக்கப்பட்ட செடிகளை விவரித்து எழுதிய டென்மார்க் தாவரவியலார் ஷூமாக்கர் இதற்குப் பெயரிட்டார். கால்நடைத் தீவனமாக இதைப் பயிரிடலாம் என்ற எண்ணம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அரசு அலுவலகங்களை எட்டியது. அன்றைய ரொடீசியாவின் புலவாயோவைச் சேர்ந்த கர்னல் நேப்பியர் என்பவர் வேளாண் துறையிடம் இதை வலியுறுத்த, அவர் பெயரே புல்லுக்கு நிலைத்தது. 1912இல் இந்தியாவுக்கும் 1913இல் அமெரிக்காவுக்கும் வந்தது. சில பத்தாண்டுகளில் பிரேசில், தாய்லாந்து, ஆஸ்திரேலியா என வெப்ப நாடுகள் எங்கும் பரவிவிட்டது.

கென்யாவின் மத்திய மேட்டுநிலத்தில் முதலில் மண்ணரிப்பைத் தடுக்கச் சரிவுகளின் வரப்புகளில் நட்டார்கள். காப்பித் தோட்டங்களில் மூடாக்காகப் பரப்பினார்கள். 1954இல் வந்த ஸ்வின்னர்ட்டன் திட்டம் ஆப்பிரிக்கச் சிறு உழவர்கள் காப்பி பயிரிடவும் உயர்ரகக் கறவை மாடு வைத்திருக்கவும் வழி திறந்தது. நிலமோ தலைமுறைக்குத் தலைமுறை துண்டாகிக்கொண்டே வந்தது. மேய்ச்சலுக்கு இடமில்லாத குடும்பங்கள் மாட்டைக் கொட்டிலில் கட்டி, வரப்புப் புல்லை அறுத்து வந்து போட்டன. இன்று கென்யச் சிறு பண்ணைகளின் பாலுக்குப் பின்னால் நிற்கும் முதன்மைத் தீவனம் இதுவே.

இந்தியக் கதையில் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் பயிராக்கப்பட்ட கம்பு, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா வந்து நம் தானியமாகிவிட்டது. அதன் காட்டு உறவு வந்ததோ 20ஆம் நூற்றாண்டில். கம்பின் தட்டை மென்மையானது, சத்துள்ளது. ஆனால் ஓராண்டுப் பயிர். யானைப்புல் வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஆனால் முற்றினால் தண்டு கெட்டி, இலை ஓரம் சொரசொரப்பு. இரண்டையும் கலந்தால் என்ன என்ற கேள்வி பல நாடுகளில் எழுந்தது. அமெரிக்காவில் பர்ட்டன் என்ற ஆய்வாளர் 1944இல் தம் ஒட்டுகளைப் பற்றி வெளியிட்டார். இந்தியாவில் 1953இல் கோயம்புத்தூரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் உருவானது.

கம்பின் குரோமோசோம்கள் 14, யானைப்புல்லுக்கு 28. இரண்டிலிருந்தும் பாதி பாதி சேர, ஒட்டுக்கு 21. இந்த ஒற்றைப்படை எண் இணை சேர்வதில்லை. ஆகவே ஒட்டுப்புல் மலடு: கதிர் வரும், விதை வராது. உழவருக்கு இது ஒருவகையில் நன்மை, விதை உதிர்ந்து களையாகும் அச்சம் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அடுத்தடுத்து வெளியிட்ட கோ-1 முதல் கோ-5 வரையான ரகங்கள் இந்த வழியில் வந்தவை. கோ-3 இலங்கைக்கும் போய் அங்குள்ள பால் பண்ணைகளில் வேரூன்றியது. சந்தையில் ‘சூப்பர் நேப்பியர்’ என்று விற்கப்படுவது தாய்லாந்தின் பாக்சோங் ரகம். நம் கோ ரகங்களை ஒதுக்கிவிட்டு அதைத் தேடி அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

நடவுக்குத் தண்ணீர் தேங்காத எந்த நிலமும் ஆகும். ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம் இட்டு உழுது, 60 சென்டிமீட்டர் இடைவெளியில் பார் பிடிக்க வேண்டும். முற்றிய தண்டின் நடுப்பகுதியிலிருந்து இரு கணுக்கள் உள்ள கரணையாக வெட்டி, ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலுமாக, 50 சென்டிமீட்டருக்கு ஒன்று நட வேண்டும். ஹெக்டேருக்கு ஏறக்குறைய 33,000 கரணை பிடிக்கும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு பத்து நாளுக்கு ஒரு முறை போதும். முதல் மாதம் களை எடுக்காமல் விட்டால் பயிர் பின்தங்கிவிடும். அதன் பிறகு இதன் நிழலில் களை தலைதூக்காது.

முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அடுத்தவை 45 நாளுக்கு ஒன்று. உயரம் கூடட்டும் என்று காத்திருப்பது வீண். எடை கூடும், ஆனால் புரதம் குறைந்து தண்டு கட்டையாகி, பாதியை மாடு கழித்துவிடும். அடியில் ஒரு கணுவாவது நிற்கும்படி அறுத்தால்தான் மறுதாம்பு வலுவாக வரும். ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தழைச்சத்தும் தண்ணீரும் தர வேண்டும். இவ்வளவு பச்சையை எடுத்துக்கொண்டு மண்ணுக்கு எதுவும் திருப்பித் தராவிட்டால் இரண்டாம் ஆண்டே விளைச்சல் சரியும். மூன்று அறுப்புக்கு ஒருமுறை மண் அணைப்பதும், ஆண்டுக்கொருமுறை பெருத்த குத்துகளைக் கலைத்துக் காய்ந்த தூர்களை நீக்குவதும் பலரும் தவறவிடும் வேலைகள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 முதல் 400 டன் பசுந்தீவனம் கிடைக்கும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. அப்படியானால் 10 சென்ட் நிலம் நாளொன்றுக்கு 40 கிலோ தர வேண்டும். உழவர் நிலத்தில் அந்த அளவு அப்படியே வராது. ஒரு மாட்டுக்கு 15 முதல் 20 சென்ட் என்று வைத்துக்கொள்வது பத்திரம்.

இதை மட்டுமே தின்னும் மாடு நலமாக இருக்காது. இளம் புல்லில் ஆக்சலேட் உண்டு. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வறட்சிக்குப் பின் திடீர் மழையில் துளிர்த்த புல்லில் நைட்ரேட் கூடியிருக்கலாம். எனவே வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு போன்ற பயறுவகைத் தீவனத்தை மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, நறுக்கிப் போடுவதே முறை.

மக்காச்சோள நிலத்தில் இதற்கு இன்னொரு பயன் உண்டு. கென்யாவில் இயங்கும் பன்னாட்டுப் பூச்சியியல் மையமான ‘இசிப்பே’யில் ஜெயாவுர் கானும், இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் நிலையத்தின் ஜான் பிக்கெட்டும் 1990களில் ஒரு முறையை வகுத்தார்கள். பயிருக்கு இடையே நடும் டெஸ்மோடியம் செடி தண்டுத் துளைப்பானின் அந்துப்பூச்சியைத் துரத்தும். வயலைச் சுற்றி நிற்கும் யானைப்புல் அதை இழுக்கும். அங்கே முட்டையிட்டுப் பிறக்கும் புழுக்களில் பெரும்பாலானவை தண்டைத் துளைக்க முயலும்போது புல் கசியும் பசையில் சிக்கி மடியும்.

பரவிய இடமெல்லாம் இது நன்மை செய்யவில்லை. பிளோரிடாவின் நீரோரங்களிலும் காலாபகசுத் தீவுகளிலும் உள்ளூர்ச் செடிகளை மூடி மறைக்கும் அயல்களையாக இது எண்ணப்படுகிறது. தாயகத்திலேயே வேறொரு இடர் வந்தது. மேற்குக் கென்யாவிலும் உகாண்டாவிலும் குத்துகள் மஞ்சளாகிக் குறுகி, அறுத்த பின் எழாமல் சாகத் தொடங்கின. தத்துப்பூச்சி வழியே பரவும் ஃபைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரே காரணம் என்று தெரிந்தது. இதற்கு மருந்து இல்லை. பூச்சி பரப்பியதோடு நிற்கவில்லை. நோய் மறைந்திருந்த கரணைகளை மனிதரும் தெரியாமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒரே தாய்ச்செடியின் துண்டுகளாக நிற்கும் வயலில் ஒன்றுக்கு வந்தது எல்லாவற்றுக்கும் வரும். ஆகவே கரணை வாங்குமுன் அந்த வயலுக்குப் போய், அறுத்த பின் துளிர்த்த குத்துகளை நேரில் பாருங்கள். ஒரு குத்து மஞ்சளாகக் குறுகி நின்றாலும் அங்கே வாங்க வேண்டாம். உங்கள் நிலத்திலேயே அப்படி ஒன்று தென்பட்டால் அன்றே வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.