பாடக் குறிப்பேடும் படக் குறிப்பேடும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நண்பர்கள் கடிதம் போட்டபோது, "நான் என்னத்தை எழுத? பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராகவே காலந்தள்ளியவன்" என்றுதான் பதில் எழுத நினைத்தேன். யோசித்துப் பார்த்தால், எனக்கு வேண்டிய பாடம் நம் கல்லூரியின் வரலாற்றிலேயே இருந்தது. நான்தான் அதைத் தாமதமாகப் படித்தேன்.

1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கியது நம் நிறுவனம். நெடுங்காலம் இங்கே கைத்தொழிலுக்கே முதலிடம். 1929-இல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பிறகுதான் நுண்கலை தலைநிமிர்ந்தது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் கைவண்ணம். 1957 வரை முதல்வர் நாற்காலியில் இருந்தவர், சிற்பியாக இருப்பதை ஒருநாளும் விடவில்லை.

அடுத்து முதல்வரானவர் கே.சி.எஸ். பணிக்கர். 1936-இல் இங்கு மாணவராகச் சேர்ந்து, 1941-இல் இங்கேயே ஆசிரியரானவர். ஐம்பது வயதைத் தாண்டி, பேரும் புகழும் வந்தபின், 1963-இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற புது ஓவிய வரிசையைத் தொடங்கினார். அதற்கு வித்து எது தெரியுமா? ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கம்! எண்களும் எழுத்துகளும் கோடுகளும் அவர் கண்ணுக்கு ஓவியமாகப் பட்டன. படித்து முடித்த பிள்ளைகள் ஓவியராகவே பிழைப்பதெப்படி என்ற கவலையில், 1966-இல் அவர்களோடு சேர்ந்து சோழமண்டலம் கலைக் கிராமத்தையும் உருவாக்கினார்.

நானும் ஆயிரக்கணக்கான நோட்டுகளைப் பார்த்தவன்தான். மார்க் போட்டேனே தவிர, பார்க்கவில்லை.

வேலைக்குப் போன பத்து வருஷம், போர்டில் பூச்சாடி போடுவேன். பசங்க பார்த்துப் போடுவாங்க. மணி அடிக்கும். ஒருநாள் ஒரு பையன், "சார், நீங்க வீட்ல வரைவீங்களா?" என்று கேட்டான். "வரைவேண்டா" என்றேன். பச்சைப் பொய்.

வெட்கம் தாங்காமல் அன்றிரவே ஒரு பழைய நோட்டை எடுத்து, வகுப்பை நினைவிலிருந்து வரைந்தேன். முன் பெஞ்சுப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மூன்றாம் பெஞ்சுக்கு அப்பால் தலைகள்தான் வந்தன, முகம் வரவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் கை மட்டும் நன்றாக நினைவிருந்தது. நொட்டாங்கைக்காரன். "சோத்துக் கையால போடுடா" என்று நான் அதட்டி அதட்டி மாற்றிய கை.

பென்சிலை என் இடக்கைக்கு மாற்றி அவனை வரைந்து பார்த்தேன். ஒரு கோடும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. இப்படித்தானே அவனை இரண்டு வருஷமாக வைத்திருந்தேன்! அந்தக் கோணல் கோடுகளுக்குத்தானே மார்க்கைக் குறைத்தேன்!

மறுநாள் பின் பெஞ்சுக்குப் போய், "உனக்கு எது வசதியோ, அந்தக் கையால போடுப்பா" என்றேன். அவன் என்னை நம்பவில்லை. அந்த வருஷம் முழுக்க வலக்கையாலேயே போட்டான். அதோடு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அதன்பின் ஓய்வு பெறும்வரை, பாடக் குறிப்பேட்டோடு அந்தப் படக் குறிப்பேட்டையும் எழுதி வந்தேன். எந்த முகம் வரவில்லையோ, மறுநாள் அந்தப் பிள்ளையிடம்தான் முதலில் போவேன்.

ஆசிரியராகப் போகும் தம்பி தங்கைகளே, வேலை கிடைத்ததும் தூரிகையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கண்காட்சி வைக்காவிட்டாலும் பரவாயில்லை. நம் வகுப்பில் நாம் யாரைப் பார்க்கவில்லை என்று நம் கைதான் நமக்குச் சொல்லும்.