பாண்டிருப்புத் தீமிதிப்பும் எங்கள் தெருவும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 10 வரலாற்றுப் பாடத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், முந்தி நம்மட ஆக்கள் பாண்டிருப்புத் தீமிதிப்புப் பார்க்கப் போறதாமே, உண்மையா?" வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவன் மருதமுனைப் பிள்ளை. கோயில் அவன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பதினைந்து வயது வரைக்கும் அந்தப் பக்கம் அவன் எட்டிப் பார்த்ததில்லை. அன்று பாடத்தை நிறுத்திவிட்டு அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயிலின் சடங்கு புரட்டாதியில் வரும். பாரதப் போர் பதினெட்டு நாள், சடங்கும் பதினெட்டு நாள். கொடியேறும், கல்யாணம் நடக்கும், பாண்டவர் வனவாசம் போவார்கள், அருச்சுனன் தவம் இருப்பான், கடைசியில் தீமிதிப்பு. ஊர் ஆட்களே விரதமிருந்து பாண்டவராக வேடம் தாங்குவார்கள். இந்தியாவிலிருந்து வந்த தாதன் என்பவர் கொண்டுவந்த வழிபாடு இது என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

1980 அளவில் எனக்கு எட்டு, ஒன்பது வயது. எங்கள் வீட்டில் தறி ஓடிய காலம். புரட்டாதி பிறக்கு முன்னமே பாண்டிருப்பிலிருந்து ஓர் அண்ணன் வந்து சேலைக்குச் சொல்லிவிட்டுப் போவார். காசு பெரும்போக வெட்டுக்குப் பிறகுதான். வாப்பா கொப்பியில் எழுதியும் வைக்கமாட்டார்.

தீமிதிப்பு அன்று பின்னேரம் வாப்பா என்னைக் கையில் பிடித்துக் கூட்டிப் போவார். கச்சான் கடை, சர்பத் கடை, வளையல் கடை. வளையல் விற்றவர்களில் எங்கள் ஊர்க் காக்காமாரும் இருந்தார்கள். வாப்பா எனக்கு மூன்று சட்டம் வைத்திருந்தார். கோயிலுக்குள் போகக்கூடாது. சாமி வரும்போது வழியை மறித்து நிற்கக்கூடாது. சிரிக்கவே கூடாது. "நம்மட ஈமான் நம்மட நெஞ்சில. அவங்கட நேத்தி அவங்கட நெஞ்சில. ரெண்டையும் பகிடி பண்ணப்படாது" என்பார்.

அடுத்த நாள் அந்த அண்ணன் வீட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பும் கற்கண்டும் வரும். பூசைக்கு வைத்தது அல்ல, எங்களுக்கென்று முதலே வேறாக எடுத்து வைத்தது. நாங்கள் படைத்ததை உண்ணமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் பெருநாளைக்கு உம்மா அந்த வீட்டுக்கு வட்டிலப்பமும் கோழிக்கறியும் அனுப்புவா. மாட்டிறைச்சிச் சட்டிக்குள் போட்ட அகப்பையைக்கூட அந்தக் கோழிக்குப் போடமாட்டா.

இந்தப் பழமும் அகப்பையும்தான் நான் சொல்ல வந்த வரலாறு. அந்த மனிதர்கள் மார்க்கத்தைக் கலக்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததால்தான் பயமில்லாமல் போய்வந்தார்கள்.

போக்குவரத்து ஒரு பக்கமாக மட்டும் இருக்கவுமில்லை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேறும் பன்னிரண்டு நாளும் தமிழ்ச் சனங்களும் வருவார்கள். கந்தூரி கூடுமா கூடாதா என்று இன்று நாம் நமக்குள்ளேயே வாதிடுகிறோம். அந்த வாதம் வேறு. நாம் ஒன்றை நடத்தினால் அயலூர் வந்து நின்றது, அயலூர் நடத்தினால் நாம் போய் நின்றோம் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். 1969இல் அக்கரைப்பற்றுக்கு வந்து ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே நம் கரையோரத்தைப் பற்றி 2008இல் பெரிய நூலே வெளியிட்டார். தாய்வழிக் குடி முறை இரண்டு சமூகத்துக்கும் பொது என்பதை அவர் விரிவாகக் காட்டுகிறார். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுக்கும் நம் வழக்கமும் அவர்களுடைய வழக்கமும் ஒன்றுதான்.

இன்னொன்றையும் அந்த வகுப்பில் சொன்னேன். தமிழ்நாட்டில் செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் அம்மனுக்குக் காவலாக ஒரு முஸ்லிம் வீரன் நிற்கிறான். பெயர் முத்தால ராவுத்தன். பெங்களூரில் திரௌபதிக்கு எடுக்கும் கரக ஊர்வலம் தவக்கல் மஸ்தான் தர்காவில் தரித்துத்தான் போகும். பையன்கள் நம்பவில்லை. போனில் தேடிப் பார்த்துவிட்டு அமைதியானார்கள்.

பிறகு ஏன் நின்றது? இதை ஒளித்துப் பேசினால் வரலாறு இல்லை. 1985 ஏப்ரலில் காரைதீவில் தமிழர் வீடுகள் எரிந்தன. நம் பக்கத்து இளைஞர்களும் அதில் இருந்தார்கள். 1990 ஜூனில் இராணுவம் கல்முனையைப் பிடித்தபோது எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள், காணாமற் போனார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 3இல் காத்தான்குடியில் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டார்கள். அடுத்த கிழமை ஏறாவூர். அதற்குப் பிறகு யார் யாருடைய தெருவுக்குப் போவது? சேலைக்குச் சொல்ல வரும் அண்ணனும் வரவில்லை. எங்கே போனார் என்று வாப்பா மௌத்தாகும் வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

2004 டிசம்பர் 26 பாண்டிருப்பையும் மருதமுனையையும் ஒரே அலை அடித்தது. சில நாள் சோற்றுப் பார்சல் இரண்டு பக்கமும் போய்வந்தது. பிறகு நிவாரணம், காணி, வீட்டுத்திட்டம், பிரதேச செயலகம் என்று மறுபடி பிரிந்தோம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அவர்கள் நம்மைப் பார்த்த பார்வையும் மாறியது.

சென்ற புரட்டாதியில் பாண்டிருப்பு ஆசிரிய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு போனேன். வீதி ஓரமாக, வாப்பா நிறுத்திய மாதிரியே நின்றேன். தொப்பியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவுமில்லை. ஒரு கிழவி கிட்ட வந்து, "மருதமுனையா மனே? தறிக்காரர்ர ஆளா?" என்று கேட்டா. எனக்குப் பேச்சு வரவில்லை. திரும்பும்போது நண்பர் ஒரு பையைத் தந்தார். உள்ளே வாழைப்பழம். "இது வேறயா எடுத்து வச்சது சேர்" என்றார்.

அவருக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்?

அந்த மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: உண்மைதான் மகன், போனோம். போனதால் எங்கள் ஈமான் குறையவில்லை. போகாமல் விட்ட வருடங்களில்தான் நிறைய இழந்தோம். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஆள் இல்லை, வரலாறு படிப்பிக்கிறவன். ஆனால் அயலவர் உரிமை பற்றி மிம்பரில் கேட்டுவிட்டு அயலவரின் பெயர்கூடத் தெரியாமல் இருப்பது எந்தக் கணக்கு என்று எனக்கு விளங்கவில்லை.

உங்கள் வீட்டில் எழுபது தாண்டிய உம்மம்மா, வாப்பும்மா இருந்தால் இன்றைக்கே கேளுங்கள், அந்தப் பக்கம் யார் வீட்டுக்குப் பெருநாள் சாப்பாடு அனுப்பினார்கள் என்று. பெயரைக் குறித்து வையுங்கள். முடிந்தால் அந்த வீட்டைத் தேடிப் போங்கள். அவர்கள் மௌத்தானால் அந்த விலாசத்தை நமக்குச் சொல்ல ஆளில்லை.