அநாதையின் பெயரும் பொருளும்

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தைத் துடைத்தெறிந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பெரும்பாலும் உறவினரே ஏற்றனர். இப்பகுதி முஸ்லிம்கள் குடியைத் தாய்வழியில் எண்ணுபவர்கள். வீடு மகளுக்கே சீதனமாகச் செல்லும். ஆதலால் உம்மம்மாவும் சாச்சியும் அடுத்த வளவிலேயே இருப்பர். (அலை அவ்வளவுகளையும் விட்டுவைக்காத இடங்கள் உண்டு.) பிள்ளைக்கு அணைப்புக் கிடைத்தது, அதன் பெயருக்கும் பொருளுக்கும் காவல் எது?

மதீனா நகரமும் இவ்வினாவை எதிர்கொண்டது. 625இல் உஹுதுப் போரில் முஸ்லிம்கள் சுமார் 70 பேர் வீழ்ந்தனர், அநாதைகள் பெருகினர். வாளேந்த இயலாதோர்க்குச் சொத்துரிமை இல்லை என்பது பழைய அரபு வழக்கம். அதனை உடைத்தே குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம், அநாதையின் பொருளைத் தன் பொருளோடு கலந்து உண்ணலாகாது, வசதியுள்ள பாதுகாவலர் அதிலிருந்து எதுவும் பெறலாகாது, பிள்ளை பக்குவமடைந்ததும் சாட்சிகள் முன் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தது. முஹம்மதின் மகன் என அழைக்கப்பெற்ற வளர்ப்பு மகன் ஸைதும் மீண்டும் ஹாரிஸாவின் மகனென்றே அழைக்கப்பட்டார். இதனை அன்பின்மை என்பாருளர். நபிகள் நாயகமே தந்தை முகம் காணாத அநாதை என்பதை அவர்கள் மறந்தனர் போலும். தந்தையின் பெயர் மறைந்தால் தந்தைவழி உரிமையும் மறையும். வளர்த்தோரின் சொத்தில் வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லையென்பது மெய். ஆயினும் மூன்றிலொரு பங்குவரை மரணசாசனம் எழுதலாம். எழுதியோரை நான் அதிகம் கண்டதில்லை.

இலங்கையின் 2005ஆம் ஆண்டு 16ஆம் இலக்கச் சட்டமும், அலையால் அநாதைகளான பிள்ளைகளுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையைப் பாதுகாவலராக்கி, வளர்ப்புப் பராமரிப்பு முறையை வகுத்தது.

அன்றைய கைக்குழந்தைகள் இன்று வயது வந்தோர். பெற்றோரின் வளவையும் பொருளையும் சாட்சிகள் முன் அவர்களிடம் ஒப்படைத்த வீடுகள் எத்தனை?