அங்கவீனரும் அரங்கமும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில், உப்புவெளியில், இரண்டாம் உலக யுத்தத்தில் மாண்டவர்களின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தபோது மடிந்தவர்களும் அங்கே கிடக்கின்றனர். மாண்டவனுக்குக் கல் நட்டுப் பெயர் பொறித்துப் புல் வெட்டிப் பேண ஏற்பாடு உண்டு. கைகால் இழந்து வீடு திரும்பியவனுக்கு என்ன ஏற்பாடு? சரித்திர நூல்கள் பெரும்பாலும் கேளாத கேள்வி இது. நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

முள்ளந்தண்டு முறிந்த போர்வீரன் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவில் இறப்பான் என்பதே அந்நாளைய வைத்தியத்தின் முடிவு. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து சேர்ந்த யூத வைத்தியர் லுட்விக் குட்மன் அம்முடிவை ஏற்கவில்லை. 1944இல் ஸ்டோக் மாண்டவில் வைத்தியசாலையில் பொறுப்பேற்ற அவர், இரவு பகலாக நோயாளரைப் புரட்டிப் படுக்க வைத்தார். 1948 யூலை 29இல், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, அவர்களில் 16 பேரை வில்லேந்த வைத்தார். 1960இல் அங்கு பயின்ற ஜப்பானிய வைத்தியர் யுட்டாக்கா நாகமுரா, அங்கவீனரை வேடிக்கைப் பொருளாக்குகிறார் என்ற வசையைத் தாங்கிக்கொண்டு, 1964ஆம் ஆண்டு டோக்கியோப் போட்டிகள் நடைபெற உழைத்தார். மறு ஆண்டு அவர் பெப்புவில் அமைத்தது விளையாட்டரங்கமன்று. அங்கவீனர் கூலி பெற்று உழைக்கும் தொழிற்கூடம். நம் கருத்தில் அதுவே அவருடைய பெரும்பணி. 2024இல் பாரிசில் சக்கர நாற்காலி ரக்பியில் தங்கம் வென்ற ஜப்பானிய அணியின் வேரைத் தேடுவோரும் அங்கேதான் போக வேண்டும்.

அதே டோக்கியோவில், 2021 ஆகஸ்ட் 30ஆம் நாள், தினேஷ் பிரியந்த ஹேரத் எறிந்த ஈட்டி 67.79 மீற்றர் பாய்ந்து உலக சாதனையாயிற்று. பராலிம்பிக்கில் இலங்கைக்கு அது முதல் தங்கம். 2008இல் வன்னி யுத்தத்தில் கையில் காயமுற்ற சிப்பாய் அவர். 2016இல் ரியோவில் 58.23 மீற்றர் எறிந்து வெண்கலம் பெற்றவர், ஐந்தே ஆண்டில் ஒன்பதரை மீற்றர் கூட்டினார். அன்று இரண்டாமிடம் பெற்ற இந்தியர் தேவேந்திர ஜஜாரியா எந்தப் போர்க்களத்திலும் காயமுற்றவரல்லர். எட்டு வயதில் மரமேறியபோது மின்கம்பி அவர் கையைக் கொண்டுபோயிற்று.

ஹேரத்தின் உழைப்பை நாம் மனமாரப் போற்றுகிறோம். வன்னிக் களத்தில் காயமுற்றவர் என்பதற்காகத் தமிழர் அப்பாராட்டில் கஞ்சத்தனம் காட்ட வேண்டியதில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைகளே எங்கும் படைக்குப் போகிறார்கள். ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012இல் லண்டனில் நாட்டின் முதற் பராலிம்பிக் பதக்கத்தை வென்ற பிரதீப் சஞ்சய, பின்னர் ஹேரத், சமித்த துலான் ஆகிய மூவருமே இராணுவத்தினர். அவர்களுக்குப் பின்னால் மாதச் சம்பளம் இருந்தது. ஒரு நிறுவனம் இருந்தது. அதே யுத்தத்தில் எறிகணைக்கும் கண்ணிவெடிக்கும் காலைக் கொடுத்த கமக்காரனுக்கும் மீனவப் பெண்ணுக்கும் பின்னால் யார் இருந்தார்கள்?

யாழ்ப்பாணத்தில் 1987இல் தோன்றிய ஜெய்ப்பூர் நிலையம் செயற்கைக் கால் பொருத்தி வந்திருக்கிறது. அது அரும்பணி. ஆனால் செயற்கைக் கால் தேயும். வளரும் பிள்ளைக்கு அளவு மாறும். மாற்றுவதற்குப் போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாட்கூலி போகும். ஈட்டியும் மைதானமும் அதற்குப் பின்னர்தான். ஆசிரியத் தோழர்கள் நாளைக் காலை தத்தம் பாடசாலை வாசலைப் பார்த்துச் சொல்லட்டும்: சக்கர நாற்காலி ஏறச் சரிவு இருக்கிறதா, படிக்கட்டு மட்டுந்தானா?