சிம்னி: ஒரு சொல்லும் அடுக்களைப் புகையும்

இந்திய நகரங்களில் அடுப்புக்கு மேலே சுவரில் பொருத்தப்படும் மின்விசிறிப் பெட்டிக்குச் ‘சிம்னி’ என்று பெயர். ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாடுகளில் அதற்கு அப்பெயர் இல்லை. முக்காட்டைக் குறிக்கும் ‘ஹூட்’ என்ற சொல்லாலேயே அங்கு அதனை அழைக்கின்றனர். கிரேக்கத்தில் ‘காமினோஸ்’ என்றால் உலை. இலத்தீனில் அதிலிருந்து பிறந்த ‘காமினாத்தா’ கணப்புள்ள அறையைச் சுட்டியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தபின், நெருப்பும் அறையும் விலகி, புகை ஏறும் குழாய் மட்டும் பொருளாக எஞ்சியது. தமிழகத்திலோ மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடிக் கூண்டே சிம்னியாயிற்று. கண்ணாடியே இல்லாத சிறு தகர விளக்கும் ‘சிம்னி விளக்கு’ என்றே வழங்கியது தனிக்கதை. குழாய் இல்லாத பொருளுக்கும் குழாயின் பெயரைச் சூட்டும் வழக்கம், ஆக, இங்குப் புதிதன்று.

மின்பெட்டி வருவதற்கு நெடுங்காலம் முன்பே, இந்திய அடுக்களையிலிருந்து புகையை வெளியேற்றும் முயற்சி தொடங்கிவிட்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா பொறுப்பேற்று நடத்திய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. எண்ணெய்ச் செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு ஆகியவற்றோடு அடுப்பும் அங்கு ஆய்வுப் பொருளாயிற்று. அங்கு உருவான ‘மகன் சூலா’ குழாய் பொருத்திய மண்ணடுப்பு. அதன்பின் ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ். பி. ராஜு இதே சிக்கலைக் கையிலெடுத்தார். கோடிக்கணக்கானோருக்குப் புகையில்லாச் சமையலறை வேண்டும் என்பதைத் தலைப்பிலேயே கொண்ட அவருடைய ஆங்கில நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. விறகுச் சிக்கனத்தைக் காட்டிலும் சமைப்பவளின் கண்ணையும் நுரையீரலையும் முன்வைத்த பொறியியல் நூல் என்பதே அதன் தனிச்சிறப்பு.

அவ்வடுப்பின் இயக்கம் எளியது. ஒரு வாயில் விறகு எரியும். சூடான புகை மண்ணுக்குள் அமைந்த சுரங்கவழியே இரண்டாம், மூன்றாம் பானைகளின் அடியைத் தொட்டுச் சென்று இறுதியில் குழாயில் ஏறும். சூடான காற்று இலேசானது; குழாய் உயர உயர இழுவை கூடும். சிக்கலும் இங்கேதான் பிறந்தது. இழுவை குறைந்தால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். மிகுந்தால் பானைக்குச் சேரவேண்டிய வெப்பத்தையும் குழாய் வாரிக்கொண்டு போகும். ஆகவே நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைக்கப்பட்டது. தீ நன்கு பற்றியதும் அதைப் பாதி மூடவேண்டும். கைக்குழந்தையோடும் கொதிக்கும் உலையோடும் இருப்பவளுக்கு அது இன்னொரு வேலை. தகடு திறந்தபடியே கிடந்தது. விறகுச் செலவு கூடியது. குழாய்க்குள் கரிப்பிசின் படிந்து சில மாதங்களில் வழி அடைத்தது. கூரையைத் துளைத்த இடத்தில் மழைநீர் ஒழுகியது. போதாக்குறைக்கு, ஓலைக்கூரையைக் கரையானிடமிருந்து காத்ததும் அந்தப் பழைய புகைதான்.

1981இல் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க ஆய்வாளர் அகமதாபாத் ஆய்வாளர்களுடன் குஜராத்தின் நான்கு சிற்றூர்களுக்குச் சென்றார். சமைக்கும் பெண்களின் உடலிலேயே அளவுக்கருவியைப் பொருத்தி, அவர்கள் மூச்சில் சென்ற துகள்களை அளந்தனர். புகை என்றால் ஆலைப் புகை என்றே எண்ணியிருந்த அறிவியல் உலகம் அடுக்களையைத் திரும்பிப் பார்க்கலாயிற்று.

1983இல் நடுவண் அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 2002இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நிறுவப்பட்டதாகக் கணக்கு. நிறுவியவை எண்ணப்பட்டன, எரிந்துகொண்டிருந்தவை அதே அக்கறையோடு எண்ணப்படவில்லை. பின்னாளில் ஒடிசாவில் எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் குழாயுள்ள மண்ணடுப்புகளை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, முதலாண்டில் பெண்கள் உட்கொண்ட புகை குறைந்தது. பின்னர் அந்தப் பயன் மறைந்தது. அடுப்புகளைப் பேணுவார் இல்லை. பழைய அடுப்பும் பக்கத்திலேயே எரிந்தது.

இவ்வரலாற்றில் விலகி நிற்பது அரியானாவின் நாடா என்னும் சிற்றூர். 1980 வாக்கில் கட்டடக்கலைஞர் மது சரின் அங்குப் பெண்களோடு அமர்ந்து, அவரவர் பாத்திர அளவுக்கும் உட்காரும் வாட்டத்துக்கும் ஏற்ப அடுப்பை வடித்தார். கட்டும் பயிற்சியும் பெண்களுக்கே தரப்பட்டது. உடைந்தால் ஒட்டத் தெரிந்த கை அந்த வீட்டிலேயே இருந்தது. மூன்று கோடி என்னும் எண்ணைவிட இந்தச் சிற்றூரே கூடுதலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும்.

2016இல் உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் எரிவாயு உருளை வந்தது. விறகுப் புகை குறைந்த வீடுகளிலும் தாளிப்பின் எண்ணெய் ஆவியும் மிளகாய் நெடியும் நீங்கவில்லை. நகரங்களில் வெளியேற்று விசிறியை அடுத்து மின் சிம்னி பரவியது. பழைய இடர்ப்பாடுகள் அதனோடு கூடவே வந்தன. மணிக்கு 1,200 கனமீட்டர் என்று அட்டையில் அச்சிட்டிருந்தாலும், நெளிந்த குழாயின் ஒவ்வொரு வளைவும் அந்த அளவைக் குறைக்கும். வடிகட்டியில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும். கழுவாவிட்டால் மண்குழாயைப் போலவே அடைபடும்.

சுவரைத் துளைக்க இடமற்ற அடுக்ககங்களுக்காகக் குழாயே இல்லாத வகையும் விற்பனைக்கு உண்டு. காற்றைக் கரி வடிகட்டி வழியே இழுத்து அதே அறைக்குள் மீண்டும் விடும். வாடை ஓரளவு நீங்கும். வெப்பமும் ஈரமும், எரிவாயுச் சுடரில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடும் சமைப்பவரோடு அங்கேயே தங்கும். தமிழில் இருந்த ‘புகைபோக்கி’ என்ற நல்ல சொல் செங்கற்சூளைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் உரியதாகிவிட்டது. புகையை எங்கும் போக்காத அந்தப் பெட்டியின் விலைச்சீட்டில் ‘சிம்னி’ என்றே எழுதியிருக்கிறது.