பாதி மாற்றம்: 1978இல் ஒஹாயோ ஸ்டேட்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் கட்டுப்பெட்டியான ஆட்டம் என்றாலே நினைவுக்கு வரும் பெயர் உடி ஹேஸ். 1951 முதல் 1978 வரை ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர். பந்தை வீசி ஒரே பாய்ச்சலில் முன்னேறுவதில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. பந்தை ஓடுபவரின் கையில் கொடுத்து, எதிரணியின் தடுப்பை இடித்து இடித்து நகர்வதே அவர் வழி. ‘மூன்று கஜம், ஒரு புழுதி மேகம்’ என்று அந்த ஆட்டத்துக்குப் பட்டப்பெயரே உண்டு. காலம் மாறியபோது மாற மறுத்ததால் வீழ்ந்தார் என்பதுதான் அவரைப் பற்றிய வழக்கமான தீர்ப்பு. ஆனால் கடைசிப் பருவத்தில் ஹேஸ் மாறத்தான் செய்தார். ஆளை மாற்றினார், ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டார். அவரை வீழ்த்தியது பிடிவாதத்தைவிட இந்தப் பாதி மாற்றம்தான்.

பந்தை வீசத் தயங்குவதைக் கோழைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. முன்வீச்சு 1906இல்தான் சட்டமானது. யார் மீதும் படாமல் தரையில் விழுந்த வீச்சுக்குத் தண்டனையாகப் பந்தே எதிரணிக்குப் போய்விடும் என்பது அன்றைய விதி. அந்த விதி பின்னர் தளர்ந்தாலும் உள்ளிருந்த கணக்கு தளரவில்லை: வீசிய பந்தை நம் ஆள் பிடிக்கலாம், யாரும் பிடிக்காமல் போகலாம், எதிரணியே பிடித்துவிடலாம். மூன்றில் ஒன்றுதான் நமக்கு நல்லது. நான்கு முயற்சிகளில் பத்துக் கஜம் கடந்தால் போதும் என்ற ஆட்டத்தில், பலசாலிகள் நிறைந்த அணிக்கு ஓட்டமே பாதுகாப்பான முதலீடு. அந்த முதலீட்டில் ஹேஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 205 வெற்றிகள் ஈட்டித் தந்தார். பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா, வீசுவதா என்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கைத் தேர்வதிலும் அவர் எப்போதும் தயங்கியவர் அல்ல. 1968இல் அனுபவசாலியான பில் லாங்கை ஒதுக்கி, இரண்டாமாண்டு மாணவர் ரெக்ஸ் கெர்னை இறக்கினார். கெர்ன் ஓடவும் பந்தை ஏமாற்றிக் கைமாற்றவும் தெரிந்தவர், அதாவது ஹேஸின் ஆட்டத்துக்கென்றே அமைந்தவர். அந்த ஆண்டு அணி ஒரு தோல்வியும் இல்லாமல் தேசியப் பட்டம் வென்றது.

பத்தாண்டு கழித்து நிலைமை வேறு. பரம எதிரியான மிச்சிகனுக்கு எதிராக 1976இலும் 1977இலும் ஒஹாயோ ஸ்டேட் ஒரு டச்டவுன்கூட (பந்தை எதிரணியின் கோல் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பது) எடுக்கவில்லை. 22-0, 14-6 என்று இரண்டிலும் தோல்வி. இந்த நெருக்கடியில்தான், கால்வேகத்துக்குப் பெயர்போன குவார்ட்டர்பேக் ராட் ஜெரால்டைப் பந்து பிடிக்கும் இடத்துக்கு நகர்த்தி, பந்து வீசுவதில் புகழ்பெற்றிருந்த முதலாண்டு மாணவர் ஆர்ட் ஷ்லிக்டரை 1978இல் குவார்ட்டர்பேக் ஆக்கினார் ஹேஸ். செப்டம்பரில் நடந்த முதல் போட்டியிலேயே பென் ஸ்டேட் அணியிடம் 19-0 என்று தோல்வி. ஷ்லிக்டரின் ஐந்து வீச்சுகள் எதிரணியின் கைக்குப் போயின. பருவம் முடிந்தபோது அவர் கணக்கில் 4 டச்டவுன் வீச்சுகள், எதிரணி பறித்தவை 21. ஓட்டத்துக்காகவே கட்டிய அணியில் வீச்சுக்காரரை வைத்தபோது, ஓட்டம் தடைப்பட்ட இக்கட்டில்தான் வீச்சு வந்தது. எதிரணியும் அதற்காகவே காத்திருந்தது.

பதினெட்டு வயதுப் பையன் தடுமாறியதற்குத் திட்டத்தைக் குறை சொல்வானேன், அடுத்த ஆண்டு அனுபவம் கூடியதும் தேறிவிட்டானே என்று கேட்கலாம். அனுபவத்துக்குப் பங்கு உண்டு, மறுக்க முடியாது. ஆனால் 1979இல் ஹேஸின் பழைய உதவியாளர் எர்ல் புரூஸ் பொறுப்பேற்றதும், முந்தைய ஆண்டு 7 வெற்றி, 4 தோல்வி, ஒரு சமன் என்றிருந்த அணி 11 போட்டிகளைத் தொடர்ந்து வென்றது. பருவத்தின் இறுதிப் போட்டியான ரோஸ் பவுலில்தான் 17-16 என்று ஒரே புள்ளியில் தோற்றது. ஷ்லிக்டரின் டச்டவுன் வீச்சுகள் 14 ஆயின, பறிபோனவை 6 ஆகச் சுருங்கின. வீச்சுகளின் மொத்த எண்ணிக்கையோ 175இலிருந்து 200 ஆக மட்டுமே உயர்ந்தது. புரூஸ் ஓட்டத்தைக் கைவிடவில்லை. இக்கட்டுக்கு ஒதுக்கியிருந்த வீச்சைத் திட்டத்தின் உறுப்பாக்கினார் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. ஓட்டத்தை நம்பியதே பிழை என்பது இன்னொரு வாதம். அதற்கு 1975 பருவமே பதில்: ஒரே ஆட்டமுறையில் யுசிஎல்ஏயை அக்டோபரில் 41-20 என்று வென்ற அணி, அதே யுசிஎல்ஏயிடம் அடுத்த ஜனவரி ரோஸ் பவுலில் 23-10 என்று தோற்றுத் தேசியப் பட்டத்தை இழந்தது. ஒரு தோல்வியை வைத்து முறையைக் குற்றம் சொன்னால், முந்தைய வெற்றிக்கும் அதே முறையைத்தான் காரணம் சொல்லவேண்டும்.

1978 டிசம்பர் 29, பருவத்தின் இறுதிப் போட்டியான கேட்டர் பவுல். கிளெம்சன் அணியிடம் 17-15 என்று பின்தங்கியிருந்த நிலையில், கோலை நோக்கி உதைத்து மூன்று புள்ளி எடுத்தாலே வெல்லும் தூரத்தில் ஒஹாயோ ஸ்டேட் இருந்தது. ஷ்லிக்டர் வீசிய பந்தை கிளெம்சனின் சார்லி பாமன் பறித்தார். எல்லைக்கோட்டருகே வந்து விழுந்த அவரை ஹேஸ் குத்தினார். மறுநாள் பதவி போனது. அந்தக் குத்தை மன்னிக்க முடியாது. பதவி பறிக்கப்பட்டது நியாயமே. ஆனால் அது ஒழுக்கத்தின் வீழ்ச்சி. ஆட்டத்தின் வீழ்ச்சி செப்டம்பரிலேயே தொடங்கிவிட்டது. யாரைக் குவார்ட்டர்பேக் ஆக்குவது என்று முடிவெடுக்கும் பயிற்சியாளர், எப்படி ஆடப்போகிறோம் என்பதையும் அதே மூச்சில் முடிவெடுத்தாகவேண்டும். 1968இல் ஹேஸ் அதைச் செய்தார், 1978இல் செய்யவில்லை.