மேசைப் போர்ச் சிற்றுருவங்கள்: வார்ப்பச்சு வகுத்த வரலாறு

மேசைப் போர் விளையாட்டுக்கான வீரர் உருவங்களை ஆட்டக்காரர்களே வடித்துக்கொள்ளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன்பு குறைவாக இருந்தது கைத்திறன் அன்று. தனி ஆளின் செலவுக்குக் கட்டுப்படும் வார்ப்பச்சுதான். எந்த உருவத்தை யார் செய்யலாம், அது எந்தத் தோரணையில் நிற்கலாம் என்பதைச் சிற்பியின் விருப்பத்தைவிட அச்சே பெரும்பாலும் தீர்மானித்தது.

பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் வெளியிட்ட கிரீக்ஸ்பீல் என்னும் போர்ப் பயிற்சி விளையாட்டில் வீரர் உருவங்களே கிடையாது. படைப்பிரிவுகளைக் குறிக்கும் சிறு கட்டைகள் நிலப்படத்தின் மேல் நகர்த்தப்பட்டன. சிற்றுருவம் மேசைக்கு வந்தது படைப்பள்ளியிலிருந்து அன்று, பொம்மைக் கடையிலிருந்து.

அந்தப் பொம்மைத் தொழிலுக்கு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் பெயர்பெற்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஹில்பெர்ட் குடும்பத்தினர் அங்கே தகட்டு வடிவத் தகர வீரர்களை வார்த்தனர். 1839இல் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சனின் பட்டறை, 30 மி.மீ. உயரத்தைப் பொது அளவாக நிலைநிறுத்தியது. இரு பலகைக்கற்களில் உருவத்தின் முன்புறத்தையும் பின்புறத்தையும் பள்ளமாகச் செதுக்கி, இரண்டையும் சேர்த்து, இடையே உருகிய தகர-ஈயக் கலவையை ஊற்றுவது அவர்களின் முறை. இங்கே கலைஞர் உருவத்தைச் செய்வதில்லை, அதன் குழிவைச் செய்கிறார். மூக்கு மேடாக வரவேண்டுமானால் கல்லில் குழி விழவேண்டும். ஆண்டுக்கணக்கில் பழகிய செதுக்குக் கலைஞரே இதில் ஈடுபட முடிந்தது.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற வார்ப்பைக் கொண்டுவந்தது. உலோக அச்சில் ஈயக் கலவையை ஊற்றி, வெளித்தோல் இறுகியவுடன் உள்ளே உருகியிருப்பதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். 54 மி.மீ. உயர வீரர்கள் எடையிலும் விலையிலும் குறைந்தனர். எச். ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ நூலின் விளையாட்டு இந்த வீரர்களையும் வில்சுருள் பீரங்கிகளையும் நம்பியே அமைந்தது. ஆயினும் அச்சு தொழிற்சாலையின் சொத்தாகவே நீடித்தது.

கலிபோர்னியாவில் ஜாக் ஸ்க்ரூபி 1955இல் அச்சக எழுத்து உலோகத்தில் மலிவான போர் விளையாட்டு உருவங்களை வார்க்கத் தொடங்கினார். பொம்மைக்காக அன்றி ஆட்டத்துக்காகவே உருவம் செய்யும் சிறு தொழில் அவர் காலத்தில் வேரூன்றியது. பிரிட்டனிலோ 1959 முதல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் விற்ற மென்மையான பிளாஸ்டிக் வீரர்கள் பரவினர். வேண்டிய படைப்பிரிவு கடையில் கிடைக்காதபோது, ஒருவனின் தலையை வெட்டி மற்றொருவனின் உடலில் ஊசியால் பொருத்தி, சூடான கத்தியால் இணைத்து, தொப்பியை மாற்றினார்கள். அந்தப் பிளாஸ்டிக்கில் பசை பிடிக்காது, வண்ணம் உரிந்துவிடும். இத்தனை இடையூறுக்கு நடுவே வளர்ந்த இந்த ஒட்டுவேலையையே பின்னாளைய சிற்பிகளுக்கான பள்ளி என்று சொல்லலாம்.

இதற்கிடையே ரப்பர் அச்சு தொழிலை மாற்றியது. மூல உருவங்களை இரு ரப்பர் வட்டுகளுக்கு இடையே வைத்து, ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் அழுத்தி இறுக்குவர். பிறகு வட்டைச் சுழற்றி நடுவில் உலோகத்தை ஊற்றினால், சுழற்சி விசை அதை ஓரங்களுக்குத் தள்ளும். அச்சின் விலை சரிந்ததால் ஒரு கொட்டகையிலும் தொழில் நடத்த முடிந்தது. ஆனால் இம்முறை சிற்பிக்குக் கடுமையான சட்டங்களை விதித்தது. மூல உருவம் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கவேண்டும். உலோகம் சிக்கிக்கொள்ளும் ஆழமான உட்குழிவு இருக்கக்கூடாது. கை, கால், ஆயுதம் யாவும் ஏறக்குறைய ஒரே தளத்தில் விரிந்திருக்கவேண்டும். எழுபதுகளின் உருவங்கள் பக்கவாட்டில் கை விரித்து, புத்தகத்துள் வைத்து அழுத்தியவை போலத் தோன்றுவதற்குக் காரணம் கலைக்குறை அன்று, வட்டின் கணக்கு.

வெப்பம் தாங்கவேண்டும் என்ற நிபந்தனைக்காகச் சிலர் பற்றாசு உலோகத்திலேயே மூல உருவத்தை உருவாக்கினர். அந்த உழைப்பைக் குறைத்தது எபாக்சி புட்டி. அமெரிக்காவில் பழுதுபார்க்கும் பசையாக விற்ற நீடடைட், நீலமும் மஞ்சளுமான இரு பட்டைகளாக வரும்; பிசைந்தால் பச்சையாகும். நம் வீடுகளில் குழாய்க் கசிவை அடைக்கும் எம்-சீலும் இதே குடும்பத்துப் பொருள்தான். 1975இல் சின்சினாட்டியில் தோன்றிய ரால் பார்தா நிறுவனத்தின் சிற்பி டாம் மையர், இதைத் தொடக்கத்திலேயே கையாண்டவர்களுள் ஒருவர். பிரிட்டனில் 1979இல் நிறுவப்பட்ட சிட்டாடல் நிறுவனத்துக்கு மைக்கேல், ஆலன் பெர்ரி என்ற இரட்டையர் வடித்த உருவங்கள் இக்கலையின் தரத்தை உயர்த்தின.

வேலைமுறை எளிய கருவிகளால் நடப்பது. தக்கையில் செருகிய மெல்லிய கம்பியை எலும்புக்கூடாக வளைத்து, அதன்மேல் உடலை மட்டும் முதலில் பூசி இறுகவிடுவர். ஆடை, தோல்வார், முகம் எல்லாம் அடுத்தடுத்த படலங்கள். பிசைந்த புட்டி ஒன்றரை மணிநேரம்போல வளைந்துகொடுக்கும். முழுதாக இறுக ஓர் இரவு ஆகும். மஞ்சள் மிகுந்தால் குழைவும், நீலம் மிகுந்தால் கடினமும் கூடும். ஊசி, பல் மருத்துவரின் பழைய கருவி, ஒட்டாமலிருக்கத் துளி நீர் ஆகியவை போதும். ஆடையற்ற உடலை உலோகத்தில் பல பிரதிகள் வார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றின்மேலும் வெவ்வேறு சீருடையைப் பூசுவதும் உண்டு. சுட்டு இறுக்கும் பாலிமர் களிமண் நுணுக்கத்தில் குறைந்ததன்று. ஆனால் வட்டின் அழுத்தத்தில் நொறுங்கிவிடும். ஆகவே அதில் வடித்தவர்கள் மென்மையான சிலிகோன் அச்சை நாடவேண்டியிருந்தது.

கடின பிளாஸ்டிக் தொகுப்புகளுக்கு இன்னொரு விதி இருந்தது: சிற்பி மும்மடங்கு அளவில் வடிப்பார், பான்டோகிராஃப் பொறி அதைச் சுருக்கி எஃகு அச்சில் வெட்டும். 1999இல் அறிமுகமான இசட்பிரஷ் போன்ற கணினிச் சிற்ப மென்பொருள்களும், 2018 வாக்கில் வந்த மலிவான முப்பரிமாண ரெசின் அச்சுப்பொறிகளும் அளவுக் கட்டுப்பாட்டையே தளர்த்தின. 0.05 மி.மீ. படலங்களாக உருவம் எழும்பும்போது, உட்குழிவு குற்றமாகாது; தாங்குகால் எங்கே வைப்பது என்பதே புதிய கவலை. ஆனால் வார்ப்பச்சுக் காலத்துப் பருமன் மறையவில்லை. 3 செ.மீ. தடிமனுள்ள ஈட்டிக்கம்பைப் புழக்கத்தில் உள்ள 1:56 அளவுக்கு நேராகச் சுருக்கினால் அரை மி.மீ.தான் தேறும், ஆட்டத்தில் கைபட்டாலே ஒடியும். அதனால் கணினியில் வடிக்கப்படும் வீரர்களும் இன்றுவரை தடித்த ஈட்டியோடும் பெருத்த கைகளோடுமே வெளிவருகின்றனர்.